என் கட்டுரைக்குக் குறை சொன்னவர்

மாடியைப் பாத்துட்டீங்கல்ல தம்பி? காத்து நல்லா வரும். ஆத்துத் தண்ணியும் உண்டு, போர்த் தண்ணியும் உண்டு. கறி மீன் தாராளமா சமைக்கலாம். நான் விலங்கியல் வாத்தியார், மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்தற ஆளு இல்ல. உக்காருங்க. தையல், தம்பிக்கு ஒரு காப்பி போடு.

குடி வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நாளைக்கு நீங்க தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போவீங்க. எந்த வீடுன்னு கேப்பான். சொன்னதும், "ஓ, அந்த ஃபிராடு புரொபசர் வீடா?"ம்பான். இந்த மயிலாடுதுறைல எனக்கு அப்படி ஒரு பேரு வாங்கிக் குடுத்திருக்காங்க. கண்டவன் சொல்லிக் கேக்கறதை விட என் வாயாலயே கேட்டுக்குங்க. நான் ஒண்ணும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடக்கல. எதுக்குத் தொங்கப் போடணும்? யார் வீட்டுப் பீரோவை உடைச்சேன்?

என்கிட்ட மங்கையர்க்கரசின்னு ஒரு பொண்ணு பி.எச்டி பண்ணிக்கிட்டிருந்துச்சு. நான்தான் கைடு. நாகப்பட்டினம் பக்கம், கெட்டிக்காரி. அதை நான் எப்பவும் மறுக்க மாட்டேன். விரால் மீன் குஞ்சுக்குத் தீவனத்துல தூதுவளைப் பொடி கலந்து குடுத்தா சீக்கிரம் வளருமா, அதான் ஆராய்ச்சி. ஐடியா என்னோடது. நமக்குச் சளி பிடிச்சா தூதுவளை திங்கறோம், உடம்பு தேறுது. மீனுக்கும் தேறணும்ல? "மீனுக்குச் சளி பிடிக்குமா சார்?"ன்னு தலைப்பை ஓகே பண்ற ஆராய்ச்சிக் கமிட்டில ஒருத்தர் கேட்டாரு. அந்த மாதிரி கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்றது இல்ல.

காலேஜ் பின்னாடி தொட்டி கட்டி, அந்தப் பொண்ணு மழை வெயில் பாக்காம மீன் வளத்துச்சு. ஞாயித்துக்கிழமை கூட வந்து எடை போடும். கடைசில ரிசல்ட்டைக் கொண்டு வந்து வெச்சுச்சு. தூதுவளை தின்ன மீனும் ஒண்ணுதான், திங்காத மீனும் ஒண்ணுதான். ஒரு வித்தியாசமும் இல்ல.

"மங்கை, ஈரத்தோட எடை போட்டிருப்பே"ன்னேன். "இல்ல சார், ஒவ்வொண்ணையும் துடைச்சுத்தான் போட்டேன்"னுச்சு. "அப்படின்னா பொடி பழசா இருக்கும்." "நானே பறிச்சு நானே காய வெச்சது சார்." எதைச் சொன்னாலும் ஒரு பதில். "பலன் இல்லைன்னு எழுதிடலாமே சார், அதுவும் ஒரு ரிசல்ட்தானே?"ன்னுச்சு. சின்னப் பொண்ணு, உலகம் தெரியல. பலன் இல்லைன்னு எழுதினா எந்த ஜர்னல்காரன் போடுவான்? ஜர்னல்ல கட்டுரை வந்தாத்தான் எங்க யுனிவர்சிட்டில தீசிஸை உள்ளயே வாங்குவாங்க. அது வராட்டி இத்தனை வருஷம் மீனுக்குத் தீனி போட்டது தண்டம். எனக்கும் பிரின்சிபால் போஸ்ட்டுக்குக் கொஞ்சம் பாயிண்ட் குறைஞ்சுது, அது வேற விஷயம். நான் செஞ்சது அவளுக்காகத்தான்.

என்ன செஞ்சேன்? எடை போட்டு வெச்சிருந்த டேபிளை, அதான் அட்டவணையை, வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்து கொஞ்சம் ஒழுங்கு பண்ணினேன். அவ்வளவுதான். தலை கலைஞ்சிருக்கற பிள்ளையை அப்படியே நிறுத்தி ஃபோட்டோ எடுப்போமா? படிய வாரி விட்டுட்டுத்தானே எடுப்போம்? வாரி விட்டேன். தூதுவளை தின்ன மீனெல்லாம் கொஞ்சம் தேறிடுச்சு. இதைப் போய்ப் பொய்க் கணக்குன்னா நான் என்ன செய்யறது?

மங்கைகிட்ட சொன்னீங்களான்னு கேக்கறீங்க. சொல்லல. அவ மனசு சங்கடப்படும்ல. பேரு மட்டும் போட்டேன், முதல் பேரே அவ பேருதான். ரெண்டாவதுதான் டாக்டர் சிவபாதம். எத்தனை கைடு அப்படிப் போடுவான்? விசாரிச்சுப் பாருங்க.

இப்பத்தான் அந்த முக்கியமான கட்டம் வருது. காப்பியைக் குடிங்க, ஆறுது. கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பினா அவங்க உடனே போட மாட்டாங்க. அதே துறைல இருக்கற ரெண்டு பேருக்கு அனுப்பி, படிச்சுப் பாத்து குறை சொல்லுங்கம்பாங்க. அவங்களுக்கு ரிவ்யூவர்னு பேரு. நீங்க பேங்க்ல லோன் குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டைப் பாத்துட்டு வர ஆள் அனுப்பறீங்கல்ல, அந்த மாதிரி. யார் பாத்தாங்கன்னு எழுதினவனுக்குச் சொல்ல மாட்டாங்க. ஆனா பாருங்க கூத்தை, அந்த ஜர்னல்ல எழுதினவன்கிட்டயே, "உங்க விஷயம் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா பேர் குடுங்க"ன்னு ஒரு இடம் வெச்சிருந்தாங்க. அவங்களா கேட்டாங்க தம்பி. நானா போய்க் கேக்கல.

விரால் விஷயம் தெரிஞ்ச ஆள் நம்ம பக்கத்துல யாரு? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். என்னை விட்டா யாரும் இல்ல. சரி, எங்க மச்சான் பேரைக் குடுப்போம்னு முடிவு பண்ணினேன். தையலோட அண்ணன், ராஜமாணிக்கம். காரைக்குடில விலங்கியல் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவருக்கு ஈமெயில் கிடையாது. வாட்ஸப்ல பூப்படம் போட்டு குட்மார்னிங் அனுப்பறதோட சரி. அதனால நானே அவர் பேர்ல ஒரு ஈமெயில் உண்டாக்கிக் குடுத்தேன். குடுத்தேன்னா, அவர்கிட்ட சொல்லல.

ஏன் சிரிக்கறீங்க? சிரிக்க வேண்டாம், மேல கேளுங்க. இங்கதான் என்னை ஒருத்தனும் புரிஞ்சுக்கல. வேற எவனா இருந்தாலும் என்ன பண்ணியிருப்பான்? ரிவ்யூ பண்ணச் சொல்லி அந்த ஈமெயிலுக்கு வந்ததும், "அருமை, உடனே போடுங்க"ன்னு ஒரு வரி தட்டி விட்டிருப்பான். நான் செய்யலை. தோ, இந்த டைனிங் டேபிள்தான். நான் எழுதறது எப்பவும் இந்த சேர்ல. அன்னிக்கு இதுல உக்காரல. எதிர் சேர்ல போய் உக்காந்தேன். ஒரு வேலைன்னா வேலையா செய்யணும் தம்பி.

உக்காந்து படிச்சா, ஐயோ, கோவம் கோவமா வருது. ஒரு வாக்கியம் உருப்படியா இல்ல. முன்னுரைல சொன்னதையே முடிவுரைலயும் சொல்லி வெச்சிருக்கான். "என்ன எழுத்து இது, கழுதை மேஞ்ச மாதிரி?"ன்னு வாய் விட்டே திட்டிட்டேன். தையல் உள்ளேருந்து, "யாரைத் திட்டறீங்க?"ன்னு கேட்டா. "கட்டுரை எழுதினவனை"ன்னேன். கேளுங்க அவளையே.

அப்புறம் அந்த எடை டேபிளுக்கு வந்தேன். பாத்தவுடனே எனக்குத் தட்டுப்பட்டுடுச்சு. எல்லாத் தொட்டிலயும் வித்தியாசம் ஒரே சீரா இருக்கு. மீன் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா, வரிசையா நின்னு ஒரே மாதிரி வளர? ஒண்ணு கொழுக்கும், ஒண்ணு சுணங்கும், ஒண்ணு செத்தே போகும். நல்ல ரிவ்யூவர்னா அங்கதான் கையை வைக்கணும். வெச்சேன். "மூன்றாவது அட்டவணை நம்பும்படியாக இல்லை. ஒவ்வொரு தொட்டியிலும் எடுத்த எடையைத் தனித்தனியாகக் காட்டவும்." அப்படின்னு எழுதினேன். இன்னொரு ரிவ்யூவர் ஒருத்தர் இருந்தாரு, வெளிநாட்டுக்காரரு. நன்றுன்னு ஒத்தை வரி எழுதிட்டுப் போயிட்டாரு. உலகத்துலயே அந்தக் கட்டுரையை ஒழுங்காப் படிச்சுத் தப்பைப் பிடிச்ச ஒரே ஆளு நான்தான்.

அப்புறம் இந்த சேருக்கு வந்தேன். ரிவ்யூவர் கேட்டதைப் பாத்ததும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பத்திக்கிட்டு வந்துச்சு. "யார்றா இவன், நம்ம டேபிளைக் கை வைக்கறவன்?" சாப்பாடு இறங்கல. என்ன பதில் சொல்றது? எடையைக் காட்ட முடியுமா? கடைசில, கரண்ட் ஏறி இறங்கினதுல கம்ப்யூட்டர் கருகிப் போச்சு, எடைக் கணக்கெல்லாம் அதோட போச்சுன்னு எழுதினேன். நம்ம ஊரு கரண்ட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? கருகியிருக்கவும் கூடும். திரும்ப எதிர் சேருக்குப் போயி, "ஆசிரியரின் சிரமம் புரிகிறது, கட்டுரையை ஏற்கலாம்"னு எழுதிட்டேன். மனுசனுக்கு மனுசன் இரக்கம் வேணாமா?

கட்டுரை வந்துச்சு. டிபார்ட்மெண்ட்டுக்கே பாதுஷா வாங்கிக் குடுத்தேன். தலையெழுத்து பாருங்க, அந்த ஜர்னல்ல ரிவ்யூவர் கேட்டது, நாம சொன்ன பதில், எல்லாத்தையும் கட்டுரைக்குக் கீழயே போடுவாங்களாம். பேரு மட்டும் இருக்காது. எனக்கு அது தெரியாது. மங்கை உக்காந்து வரி விடாம படிச்சிருக்கா.

ரூமுக்கு வந்தா. ஸ்வீட்டைத் தொடல. "சார், எந்தக் கம்ப்யூட்டர் எரிஞ்சுது?"ன்னு கேட்டா. நான் ஃபைலைப் புரட்டிக்கிட்டே இருந்தேன். "எல்லா எடையும் எங்கிட்ட இருக்கு சார்"னா. "நல்லது, பத்திரமா வெச்சுக்க"ன்னேன். "டேபிள்ல இருக்கறது என் மீன் இல்ல சார். என் பேரு முதல்ல இருக்கு. நீங்களே எழுதித் திருத்திடுங்க சார், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னு நின்னுச்சு. கண்ணு கலங்கிடுச்சு அதுக்கு. நான் போட்டேன் ஒரு சத்தம். வராண்டா பூரா கேட்டிருக்கும். கைடுகிட்ட பேசற பேச்சா அது? கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்துட்டு அவளே ஜர்னலுக்கு எழுதிட்டா. சோறு போட்ட கைல மண்ணை அள்ளிப் போட்டுட்டா. சோறு நான் போடலதான், ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

ஜர்னல்காரங்க தோண்ட ஆரம்பிச்சாங்க. யாரு இந்த ராஜமாணிக்கம்னு அவர் வேலை பாத்த காலேஜுக்கே எழுதி, அது சுத்தி மச்சான் வீட்டுக்குப் போயிடுச்சு. போன் பண்றாரு. "மாப்ளே, நான் ஏதோ கட்டுரையைப் படிச்சேனாமே?"ங்கறாரு. "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மச்சான்"ன்னு கெஞ்சினேன். "படிக்காததைப் படிச்சேன்னு எப்படி மாப்ளே எழுதறது?"ன்னுட்டாரு. ஒரு வார்த்தை தம்பி. தங்கச்சி புருஷனுக்காக ஒரு வார்த்தை. அவர் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகல. தையல் மட்டும்தான் போய்ட்டு வந்தா. அதோ, அங்க நின்னுக்கிட்டு முறைக்கறா பாருங்க.

காலேஜ்ல விசாரணைக் கமிட்டி போட்டாங்க. அஞ்சாறு பேரு நீளமா உக்காந்துக்கிட்டு, நான் என்னமோ கோழி திருடினவன் மாதிரி. எதுத்தாப்ல மங்கை. "ராஜமாணிக்கம் பேர்ல எழுதினது நீங்கதானே? எழுத்துல குடுங்க"ன்னாங்க. முடியாதுன்னுட்டேன். அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன், உங்ககிட்ட வாயால சொல்றது வேற. எழுத்துல? செத்தாலும் குடுக்க மாட்டேன். ரிவ்யூவை உரக்கப் படிச்சாங்க. படிச்சவரே நடுவுல நிறுத்தி, "கேள்வி சரியான கேள்விதான்"னாரு. எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சுங்கறீங்க! மங்கை என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தா, கோவமாவும் பாக்கல.

கட்டுரையை வாபஸ் வாங்கிட்டாங்க. வாங்கினதோட விட்டாங்களா? ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்கால சிவப்பு எழுத்துல அடிச்சு, இன்னிக்கும் இன்டர்நெட்ல தொங்க விட்டிருக்காங்க. என்னைக் கைடா இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. பிரின்சிபால் போஸ்ட் போச்சு. மங்கையை வேற கைடுகிட்ட மாத்தினாங்க. ஆனா அவளுக்கும் கட்டுரை போச்சுல்ல? முதல்லேருந்து இன்னொரு கட்டுரை எழுதி, அது வந்தாத்தான் தீசிஸ் குடுக்க முடியும். அதுக்கும் காலக்கெடு உண்டு. தாண்டிடுச்சுன்னா பதிவே ரத்து. நல்லா வேணும்னு நினைச்சேன். நினைச்சேன் தம்பி, ஒளிக்கல.

கதை முடிஞ்சுதுன்னு எந்திரிக்கறீங்களா? உக்காருங்க. இனிமேதான் இருக்கு.

போன மாசம் வேற ஒரு ஜர்னல்லேருந்து எனக்கு ஈமெயில். என் சொந்த ஈமெயில்லயே, டாக்டர் சிவபாதம்னு மரியாதையா. விரால் மீன், தூதுவளைத் தீவனம், நீங்க நிபுணர்னு தெரிய வந்தது, இந்தக் கட்டுரையைப் படிச்சுக் கருத்துச் சொல்ல முடியுமா? திறந்து பாத்தா மங்கை. அவ கட்டுரை. அந்தப் புது ஜர்னலுக்குப் பழைய சமாச்சாரம் தெரியல போலிருக்கு. "ஆசிரியரோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. இல்லைன்னு அமுக்கினேன். உண்மைதானே? அவதான் அறுத்துக்கிட்டுப் போயிட்டாளே!

பழைய எதிர் சேர்லதான் உக்காந்தேன். இந்தத் தடவை முறையா, என் பேர்லயே. கிழிச்சுத் தொங்க விடணும்னுதான் உக்காந்தேன். முதல்ல எடை எங்கேன்னு பாத்தேன். எல்லாத்தையும் வெச்சிருக்கா. தொட்டி தொட்டியா, மீன் மீனா. செத்ததைச் செத்ததுன்னே போட்டிருக்கா. தூதுவளையால ஒரு பலனும் இல்லைன்னு தலைப்புலயே போட்டுட்டா. தேடினேன் தம்பி, சல்லடை போட்டுத் தேடினேன். குறைன்னு ஒண்ணு கிடைக்கல. இப்படி எழுதறதுக்கு எங்க கத்துக்கிட்டா?

கடைசில நன்றின்னு ஒரு பத்தி. பண்ணைக்காரருக்கு நன்றி, மோட்டார் ரிப்பேர் பண்ணின எலக்ட்ரீஷியனுக்கு நன்றி, புது கைடுக்கு நன்றி. என் பேரு இல்ல. மூணு தடவை படிச்சேன், இல்ல. விரால் யாரு ஐடியா? தூதுவளை யாரு ஐடியா? தொட்டி கட்ட இடம் வாங்கிக் குடுத்தது யாரு? எலக்ட்ரீஷியனுக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லையா?

எழுதினேன். "கட்டுரை நன்று. ஒரே ஒரு திருத்தம். இந்த ஆய்வுக்கு மூல காரணமாக இருந்த டாக்டர் சிவபாதம் அவர்களுக்கு நன்றி தெரிவிக்கப்படவில்லை. சேர்த்த பிறகே ஏற்க இயலும்." யாரு எழுதினதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? ரிவ்யூவர் பேரைத்தான் சொல்ல மாட்டாங்களே. தையல் தலையில அடிச்சுக்கிட்டா. அவளுக்கு இந்த ஜர்னல் விஷயமெல்லாம் புரியாது.

நேத்து பதில் வந்துச்சு. போன்லயே இருக்கு, பாருங்க. இங்கிலீஷ்ல இருக்கு, நான் தமிழ்லயே சொல்றேன். "கவனமாகப் படித்த ரிவ்யூவருக்கு வணக்கம். அவர் கேட்டபடி நன்றியுரையில் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறோம்." கீழ அந்த வாக்கியம். "இந்த ஆய்வின் முந்தைய கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு தொட்டியின் எடையையும் தனித்தனியாகக் காட்டச் சொன்ன, பெயர் தெரியாத ரிவ்யூவருக்கு எங்கள் நன்றி. கேட்க வேண்டியதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்."

பெயர் தெரியாதவராம்! கமிட்டில எதுத்தாப்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டவ! அவளுக்கா தெரியாது?

விட்டுடுவேனா? "பெயரைக் குறிப்பிடவும்"னு தட்ட ஆரம்பிச்சேன். தட்டிக்கிட்டே வந்தவன் நின்னுட்டேன். எந்தப் பேரைப் போடச் சொல்றது? அந்தக் கேள்வியைக் கேட்டது ராஜமாணிக்கம்னுதானே அங்க பதிவாகியிருக்கு? கட்டுரையைக் கண்ணால பாக்காத மனுசன், காரைக்குடில கால் நீட்டிப் படுத்திருக்காரு, நன்றி அவருக்கா? என் பேரைப் போடுன்னா, அந்த ஈமெயில் நான்தான்னு நான் எழுத்துல குடுக்கணும். கமிட்டிக்கே குடுக்காததை இவளுக்குக் குடுப்பேனா?

நான் முடிவைச் சொல்றதுக்கு ஜர்னல்காரங்க குடுத்த கெடு இன்னிக்கோட முடியுது. நான் ஏத்துக்கறேன்னு அமுக்கினாத்தான் அவளுக்குக் கட்டுரை வரும், தீசிஸ் குடுக்க முடியும். காலையிலேருந்து தையல், "அமுக்கித் தொலைங்களேன், அந்தப் பொண்ணு பாவம்"னு உயிரை எடுக்கறா. அமுக்கத்தான் போறேன். யாரு மாட்டேன்னா? குறையே இல்லாத கட்டுரையைத் தள்ளி விட நான் என்ன அயோக்கியனா?

ஆனா ஒண்ணு. அந்த நன்றி எனக்குத்தான். அந்தக் கேள்வியைக் கேட்டது இந்த வாயி, இந்தக் கை. அவ ஒத்துக்கிட்டா, ஊரு ஒத்துக்கல. நீங்க ஒருத்தராவது ஒத்துக்குங்க. இல்ல, எந்திரிக்காதீங்க தம்பி. மாடி பிடிச்சிருக்குன்னீங்கல்ல, உங்க வீட்டம்மாவுக்கும் பிடிச்சிருக்குன்னீங்கல்ல? அந்த ரிவ்யூவர் நீங்கதான் சார்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. சொன்னாத்தான் சாவி தருவேன்.